மண் போடாத டியூப்

எங்கள் ஆய்வக மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சரிதானே'. எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த வார்த்தையைப் போட்டு நம் தலையை ஆட்ட வைத்துவிடுவார். நானும் பதினோரு வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சூடு சொரணைதான் போய்விட்டது.

போன வருடம் ஒரு தொழிற்சாலை எங்களிடம் வந்தது. அவர்கள் உலையிலிருந்து வரும் ஈய ஆக்சைடு தூளை ஒரு காலி மனையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மனையை ஒட்டித்தான் என் அக்கா வீடு. அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அந்தத் தெருவே குடிக்கிறது. தூளில் இருக்கும் ஈயத்தை மண் பிடித்து வைத்துக்கொள்ளுமா, மழைநீரோடு கீழே இறங்க விட்டுவிடுமா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் விடாமல் நானே கேட்டு வாங்கிச் செய்தேன்.

முறை சுலபம். டியூபில் மண், தண்ணீர், அளந்த தூள். ஒரு நாள் முழுக்கக் குலுக்க வேண்டும். பிறகு வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் வைத்தால் மண் அடியில் இறுகிவிடும். மேலே தெளிந்த நீரில் இருக்கும் ஈயத்தை அளந்து, போட்டதிலிருந்து கழித்தால் மீதி மண் பிடித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அக்காவிடம் ஓடினேன்.

"மண்ணு கெட்டியா பிடிச்சுக்குதுக்கா. நீ பயப்படாம குடி."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தங்கச்சியே செஞ்சு பாத்துட்டா" என்று தெரு முழுக்கச் சொன்னாள். தொழிற்சாலைமேல் கொடுக்கத் தெருக்காரர்கள் எழுதி வைத்திருந்த புகார் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

போன வாரம், எங்கள் அறிக்கையைச் சரிபார்க்கும் வெளி ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மண் போடாத டியூபில் என்ன வந்தது?

நான் அதைப் போடவே இல்லை. தண்ணீரில் கரையும் உப்புகளையே வருடக்கணக்காகச் சோதித்துப் பழகிய கை. உப்பு தண்ணீரிலேயே நிற்கும், மண் பிடித்தால்தான் குறையும். அதனால் மண் போடாத டியூபை வெட்டி வேலை என்று 'சரிதானே' எப்போதோ நிறுத்திவிட்டார். இந்தத் தூளோ லேசில் கரையாது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை. ஆசைப்பட்ட எண்ணே வந்துவிட்டால் யாருக்கு எதுதான் தோன்றும்?

இப்போது போட்டேன். தண்ணீரும் தூளும் மட்டும். அதே கழித்தல் கணக்கு. தொண்ணூற்றேழு. பிடித்துக்கொள்ள ஒரு துளி மண் இல்லாத டியூபில் தொண்ணூற்றேழு! தூள் தன்பாட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை மண்ணின் சாமர்த்தியம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மண் ஈயத்தைப் பிடிக்குமா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

'சரிதானே' இரண்டு எண்களையும் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தேழு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முடிவு மாறலைன்னு எழுதிடுங்க, சரிதானே?"

"சரியில்ல சார்," என்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் காதில் விழாததுபோல் போனை எடுத்தார். ஆய்வாளருக்கு நானே உண்மையை எழுதி அனுப்பிவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாடி, இந்த வெயில்லயா வந்தே," என்று அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். எனக்குத் தொண்டை வறண்டுதான் கிடந்தது. டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப இந்தத் தண்ணில ஈயம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

"தெரியாதுக்கா. எடுத்துட்டுப் போய் அளந்தாத்தான் தெரியும்."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்கிறே. உதட்டுக்கிட்டகூட கொண்டு போகலியே நீ."

வெட்கமாக இருந்தது.

"நாங்க ஒரு வருஷமா குடிக்கிறோம்டி," என்றாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுப்பினாள். "கிளம்பு. அன்னிக்கு உனக்காக நான் வீடு வீடா போய்ச் சொன்னேன். இன்னிக்கு நீ வந்து சொல்லு. எல்லார் வீட்டுலயும் தண்ணி கொடுப்பாங்க. இதே மாதிரி கையிலயே வச்சுக்கிட்டுச் சொல்லு."