மேலங்கியின்மேல் ஒரு ஸ்டோல்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில், கோயில்களுக்கு வஸ்திரம் தைக்கிற சடகோபனின் கடைக்கு அற்புதசாமி அக்காவோடு வந்திருந்தான். மறுநாள் காலையில் பாலக்கரை மாதா கோயிலில் அவனுக்குக் குருப்பட்டம். முதல் பூசைக்கான மேலங்கி மேஜைமேல் விரிந்து கிடந்தது. சந்தன நிறப் பட்டு. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்தைச் சுற்றி இரண்டு பட்டைகளாக முழங்கால்வரை தொங்குகிற சரிகை ஸ்டோலை அதன்மேலேயே வைத்து, அசையாதபடி தைத்திருந்தார்.

“ஸ்டோல் உள்ளே போடறது ஆச்சே,” என்றான்.

“உங்க அக்காதான் மேலே வெக்கச் சொன்னா,” என்றார் சடகோபன்.

அக்கா பெலிண்டா மறுக்கவில்லை. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் அவள். குருமடத்தில் நான்காம் வருஷம் மனசு குழம்பி அவன் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் இருந்தபோது, இவன் எங்கே சாமியாராகப் போகிறான் என்று தெருவே பேசியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கும் ஸ்டோல் தெரியவேண்டும் என்பது அவள் ஆசை.

எதையும் அடியிலிருந்து விளக்கினால்தான் அற்புதசாமிக்குத் திருப்தி. முதலில் வெள்ளை அங்கி, என்று ஆரம்பித்தான். அது குருக்களின் தனிச் சொத்து இல்லை. ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் போர்த்துகிற அதே வெள்ளைத் துணிதான் வளர்ந்திருக்கிறது, அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. அதன்மேல் இடுப்பில் கட்டுகிற கயிறு, தன்னை அடக்கிக்கொள்வதற்கு. பிறகு ஸ்டோல். பாவத்தை மன்னிக்கவும் ஆசீர்வதிக்கவும் கொடுக்கப்பட்ட அதிகாரம் அது. எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கடைசியாக வருகிற மேலங்கி அன்பு. அதிகாரம் உள்ளே இருக்கவேண்டும், வருகிறவர்களுக்கு அன்பு மட்டும் தெரியவேண்டும். அதனால்தான் இந்த வரிசை.

சடகோபன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “பெருமாளுக்குச் சாத்தறது சேவிக்கறவா கண் குளிரப் பார்க்கறதுக்கு. நீங்க மறைக்கறதுக்காகவா உடுத்திக்கறேள்?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். மறைப்பது எதை? அதிகாரத்தையா, அதைப் போட்டிருக்கிற ஆளையா? யார் பூசை வைத்தாலும் ஆள் தெரியக்கூடாது என்றும் படித்திருந்தான். அப்படியானால் அந்த ஆறு மாதமும் சேர்ந்து மறைந்துவிடுமா? மறையத்தான் வேண்டுமா?

இதற்குள் அக்கா வேறொரு இடத்தில் பிடித்துக்கொண்டாள். “அன்புதான் மேலேன்னு சொல்றே. அக்கா ஆசைப்பட்டுத் தைக்கச் சொன்னதை அப்படியே போட்டுக்கறது அன்பு இல்லையாடா?”

பிரித்தால் அடையாளம் சரியாகிவிடும். ஆனால் பட்டம் வாங்குமுன்பே அக்காவின் ஆசையை மீறி அவளிடமே அதிகாரம் காட்டியவன் ஆவான். பிரிக்காவிட்டால் அக்கா சந்தோஷப்படுவாள், அடையாளம் தலைகீழாகும். இதே கேள்விக்குப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன், பட்டுத் துணியைத் தடவிக்கொண்டு நின்றான்.

“சரி, இருக்கட்டும்க்கா,” என்றான் கடைசியில்.

அவள் முகம் மலரும் என்று நினைத்தான். அது சுருங்கியது. “நாளைக்கு இந்நேரம் நான் உன்னை சாமின்னுதான் கூப்பிடணும். ஊரோட வரிசையில நின்னு உன் கையில முத்தம் வெச்சு முத்தி செய்யணும். நான் சொல்லி நீ கேக்கறது இன்னிக்கோட சரி. அந்தக் கடைசிச் சொல்லு நீ தப்பா உடுத்திக்கறதுக்கா இருக்கவேண்டாம். அதனால சொல்றேன், பிரி.”

பிரித்தாலும் பட்டில் ஊசித் தடம் போகாது என்று சடகோபன் எச்சரித்தார். தடம் விழுந்த வஸ்திரத்தைப் பெருமாளுக்குச் சாத்தமாட்டார்கள், உங்களில் எப்படியோ என்றார். எப்படி என்று அற்புதசாமிக்கும் தெரியவில்லை. பிளேடை வாங்கிக்கொண்டான். அக்கா பட்டுத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு தையலாக அறுத்தான். ஸ்டோல் கழன்ற இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

“ஏன் பிரிக்கிறோம்னு இப்பவாவது புரிஞ்சுதாக்கா?”

“இல்ல. உனக்கு?”

அவன் குனிந்து அடுத்த தையலைத் தேடினான்.