தூசி எண்ணியவள்

காற்றில் மிதக்கும் நுண்தூசியை எண்ணிய ஆராய்ச்சிக்காக மரியசெல்விக்கு டாக்டர் பட்டம் கிடைத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அது 1966. நெய்வேலியில் அண்ணன் மைக்கேலின் குவார்ட்டர்ஸில் தங்கி, பள்ளிக்கூடமொன்றில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டு வெளிநாடுகளுக்குப் பதினோரு கடிதம் எழுதியாயிற்று. ஒன்பதுக்குப் பதிலே இல்லை. ஒன்று, வருந்துகிறோம் என்றது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்று மட்டும் ஆசை காட்டியது: இரண்டு வருஷ வேலை இருக்கிறது, உங்கள் கைடின் சிபாரிசுக் கடிதம் வந்தால் பரிசீலிப்போம்.

ஆராய்ச்சியில் வழிகாட்டிய, சென்னையிலிருந்த கைடுக்கு மூன்று முறை எழுதினாள். "அனுப்பியாச்சு" என்று ஒரு வரியில் கார்டு வந்தது. ஜெர்மனியிலிருந்தோ, இன்னும் வரவில்லை, மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று நினைவூட்டல்.

"தூசி எண்ண சீமைக்கிப் போவணுமாடி?" என்றாள் அம்மா சகாயம்மாள், கொடியில் காய்ந்த வேட்டியை உதறியபடி. "இங்க இல்லாத தூசியா?"

"இருக்கும்மா. எண்ணுற கருவிதான் இல்ல."

"சும்மா எழுதிகினே இருந்தா ஆவாது," என்றான் ஷிப்ட் முடிந்து வந்த மைக்கேல். "நேர்ல போயி கேட்டுட்டு வா."

சனிக்கிழமை லீவு போட்டு, பண்ருட்டியில் ரயிலேறிப் போனாள். கைடு நாற்காலியைக் காட்டினார். காப்பிகூட வரவழைத்தார்.

"லெட்டர் அனுப்பிட்டேனேம்மா."

"அங்க போய்ச் சேரலைங்க சார்."

"சேர்ந்திருக்குமே. ஜெயராமனுக்கு எழுதினேன்."

ஜெயராமன் அவளுக்கு அடுத்து வந்த மாணவன்.

"எடம் கேட்டது நானுங்க."

"அங்க எடம் இருக்கற விஷயமே உன் லெட்டராலதான் எனக்குத் தெரிஞ்சது. நீ கல்யாணம்னு ஒரு வருஷத்துல திரும்பிடுவே. அவன் நிலைச்சு நிப்பான்."

"ஜெயராமன் தீஸிஸ்ல இருக்கற மழைக்காலத்துக் கணக்கு நான் எடுத்ததுங்க. ரெண்டு ஐப்பசி மாடியில நின்னு எடுத்தது."

"லேப் எல்லாருக்கும் பொதுதானேம்மா. காப்பி ஆறுது பாரு."

அவள் குடிக்கவில்லை. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் வார்த்தை வார்த்தையாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெர்மனிக்கு நீளமாக எழுதினாள். கைடு எனக்குச் சிபாரிசு தரமாட்டார். என் அளவுகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஈரக்காற்றில் துகள்கள் நீரை இழுத்து உப்பிவிடுவதால் கணக்கு எவ்வளவு தப்பும் என்று அட்டவணையும் வைத்தாள். அதை எப்படித் திருத்துவது என்ற முறையை மட்டும் எழுதவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. இடம் ஜெயராமனுக்குப் போய்விட்டது. கீழே ஒரு பத்தி: உங்கள் அட்டவணை மிக முக்கியமானது, திருத்தும் முறையைத் தயவுசெய்து எழுதி அனுப்ப இயலுமா?

"கேக்கத் தெரியுது. கூப்பிடத் தெரியல," என்று கடிதத்தை மேஜையில் வீசினாள்.

"என்னவாம்?" என்றான் மைக்கேல்.

"எடம் அவனுக்காம். வேலை மட்டும் எனக்காம்."

பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண்ணை அதட்டிவிட்டு, பிறகு வருந்தினாள். மூன்றாம் நாள் அந்த முறையை முழுக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் போட்டு, ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஜெர்மன்காரருக்கு ஒரே வரி: பத்திரிகையில் வரும், அங்கே படித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பன்னிரண்டாவது விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினாள். கைடின் பெயர் கேட்டிருந்த இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது.