வாயில் வராத வார்த்தை

காலையிலிருந்து ஹாவிஸின் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. சண்டைக்களத்து வேலிக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் தர்ஸ்டன், மழித்த தலையும் வெறுங்காலுமாக, கொம்புமுனை வைத்த தடியோடு மூச்சு வாங்க நின்றான். எதிரே ஊர் ஊராகக் கூலிக்கு மோதுகிற ஒரு தடியன். மத்தியானமே தர்ஸ்டனின் இடது கண் வீங்கி மூடிவிட்டது.

வழக்கு இவர்களுடையதுகூட இல்லை. பண்ணைக்காரர் வால்ட்டரின் நிலத்தைத் தூரத்து உறவுக்காரன் ஒருவன் தன்னுடையது என்றான். ராஜாவின் நீதிபதிகள், அந்தக் காலத்துச் சட்டப்படி மோதித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நிலத்துக்காரர்கள் மோத மாட்டார்கள், அவர்கள் உடம்பு என்ன சாதாரண உடம்பா! அவர்களுக்காகச் சாட்சி சொல்கிறவன்தான் மோத வேண்டும். உறவுக்காரன் அந்தத் தடியனைக் கூலிக்குச் சாட்சியாகப் பிடித்திருந்தான். "இந்த நிலம் வால்ட்டருடையது என்று என் அப்பன் சாகக் கிடக்கும்போது சொன்னான்" என்று தர்ஸ்டன் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். அவன் அப்பன் ஓடையில் விழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் செத்தவன். எல்லாச் சாட்சியும் இப்படித்தான் சொல்வான், இது வெறும் வழக்கம் என்று வால்ட்டர் சமாதானம் சொல்லியிருந்தார். ஊரில் எல்லைக்கல் தகராறு வந்தாலும் பிள்ளையின் வயதில் சந்தேகம் வந்தாலும் தர்ஸ்டன் சொன்னால் சரி என்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய் சொன்ன முதல் பொய் அது.

வால்ட்டர் பக்கத்து ஆள் வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை தாக்குப்பிடித்தால் போதும், ஜெயம். முடியவில்லையா, ஒரே ஒரு சொல் இருக்கிறது: கிரேவன். உயிர்ப்பிச்சை கேட்பது என்று சிலர் அர்த்தம் சொல்வார்கள், நசுங்கிப்போனேன் என்று சிலர். எதுவானாலும் அதைத் தோற்றவனே தன் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் உயிர் தப்பும். ஆனால் அதன்பிறகு எந்தச் சபையிலும் அவன் பேச்சு செல்லாது, ஆயுசுக்கும். சண்டையில் பின்வாங்கும் சேவலைத் திட்டக்கூட ஊரில் அந்தச் சொல்தான்.

"அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராதுடி" என்று விடியற்காலையில் தர்ஸ்டன் சொன்னான்.

"வரட்டுமே. நீங்க முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும், பேரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்?"

"நீ சொல்லிருவ. நாளைக்கு எல்லாரும் என்னைச் சேவல்னு கூப்பிடுவாங்க."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணில் வெயில் படாமலிருக்க நீதிபதிகள் மேற்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சண்டை தொடங்குமுன் கட்டியக்காரன் முழங்கியிருந்தான்: வேடிக்கை பார்க்கிறவன் எவனாவது வாயைத் திறந்தாலோ சைகை காட்டினாலோ கையை வெட்டிவிடுவார்கள். அதனால் அத்தனை கூட்டத்திலும் தடிகள் மோதும் சத்தம் மட்டும்தான் கேட்டது. தர்ஸ்டன் கீழே விழுந்தான். தடியன் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நல்ல கண்ணை நோக்கிக் கட்டைவிரலைக் கொண்டுபோனான். ஹாவிஸால் பார்க்க முடியவில்லை. முகத்தை மேலே திருப்பிக்கொண்டாள்.

நீதிபதிகளின் தலைக்கு மேலே, மாதாகோயில் கோபுரத்தை ஒட்டி, வெள்ளி முளைத்திருந்தது.

கடவுளே! ஜெயித்துவிட்டான். நீதிபதிகளில் யாராவது திரும்பிப் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டு ஹாமோவின் விலாவில் இடித்து, கண்ணால் மேலே காட்டினாள். ஹாமோ பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு தன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஹாவிஸ் வாயைத் திறந்தாள். வேலியோரம் கட்டியக்காரனுக்குப் பக்கத்தில் வெட்டுக்கத்தியோடு ஒருவன் நின்றான். அவள் வலதுகை தானாகவே முந்தானைத் துணிக்குள் போய் ஒளிந்துகொண்டது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாழாய்ப்போன பயம்!

"கிரேவன்!"

சொன்னது தர்ஸ்டன். குரல் உடைந்திருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. நடு நீதிபதி கையை உயர்த்தினார். அவ்வளவுதான், முடிந்தது. பேசலாம் என்று ஆனதும் கூட்டம் ஓவென்று பொங்கியது. முதல் குரல் ஹாமோவுடையது.

"அட சேவலே! கிரேவன் பயலே! இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கக் கூடாதா?"

வால்ட்டர் இவர்கள் பக்கம் திரும்பாமல் குதிரையேறிப் போய்விட்டார். ஹாவிஸ் புருஷனின் தோளைத் தாங்கி நடத்தி வந்தாள். ஓடைக்கரையில் அவனால் மேலே நடக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

"உனக்காகத்தான்டி சொன்னேன். குருடனை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அவள் முந்தானையை ஓடையில் நனைத்தாள். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளி எவ்வளவு பளிச்சுனு நிக்குது பாரு. அது எப்ப முளைச்சுது ஹாவிஸ்? நீ பாத்தியா?"

இங்கே வேலி இல்லை, கட்டியக்காரன் இல்லை. பேசினால் கேட்க அவனைத் தவிர யாருமில்லை.

"ரத்தம் கண்ணுக்குள்ள போகுது, ஆடாம இருங்க" என்றாள். ஈரத்துணியை அவனுடைய அந்த நல்ல கண்ணின் மேல் வைத்து, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.