ஸுலைஹாவின் மறதி

கடுகு வாங்கிக்கொண்டு வந்து ஜெமீல் செருப்பைக் கழற்றும்போது குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

“பெருஞ்சீரகத்த மறந்துட்டனே. ஒருக்கா வாங்கிட்டு வாங்களே.”

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இது மூன்றாவது தடவை. முதலில் நெருப்புப்பெட்டி, அடுத்தது கடுகு. முன்பென்றால் ஜெமீல் கத்தியிருப்பார். இப்போது குசினி வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். ஸுலைஹா குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டோமே என்ற கவலை அவள் முகத்தில் துளியும் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஜெமீல் நாற்பது வருசம் லொறி ஓட்டியவர். அவருடைய ஊரான குறிஞ்சிப்பிட்டியின் வெங்காயமும் பீட்ரூட்டும் அவருடைய லொறியில்தான் கொழும்புக்குப் போயின. லொறியை விற்ற பிறகு மோட்டார் சைக்கிள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்கும் அதில்தான் போவார். போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம், அவருடைய வலது கணுக்காலில் பெரிய கொப்புளம் ஒன்றை ஸுலைஹா கண்டாள். சைலன்சர் சுட்டிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நீரிழிவு என்ற சீனி வருத்தம் காலின் உணர்வைக் குறைத்துவிட்டது என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். மருந்தை விடக் கூடாது, வெறுங்காலோடு திரியக் கூடாது, படுக்கப் போகுமுன் பாதத்தைப் பார்க்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும். ஜெமீலின் கூடப் பிறந்த மூத்த காக்காவுக்கு இதே வருத்தத்தில்தான் முழங்காலுக்குக் கீழே கால் போனது.

மறுநாளே அவர் நடக்கத்தான் போனார். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “எங்க போறீங்க, ஏறுங்க” என்றான். போக இடமில்லை என்று எப்படிச் சொல்வது? ஏறினார். அவன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து திரும்பி வரும்போது ஆட்டோ ஓட்டும் ஒருவன் கூட்டிவந்து வீட்டு வாசலிலேயே விட்டான். அடுத்த நாள் தேநீர்க் கடையில் ஒரு கூட்டாளி, மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாயா என்று மெதுவாகக் கேட்டார். அதோடு நடை நின்றது. ஒரு வேலையும் இல்லாமல் ரோட்டில் நடப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஸுலைஹாவின் மறதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதலில் அவர் பெரிதாக எடுக்கவில்லை. நாளுக்கு நாள் கூடியபோதுதான் மாமியாரின் நினைவு வந்தது. ஸுலைஹாவின் உம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே பார்த்து, “நீங்க யாருட மகள்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள் ஸுலைஹா. ஜெமீல் பார்த்திருக்கிறார்.

வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கி வைத்துவிடலாம் என்றும் யோசித்தார். அப்படிச் செய்தால், நீ மறக்கிறாய் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும். அதனால் அவள் சொல்லும் போதெல்லாம் போனார். பக்கத்துக் கடை நஜாத், கேட்ட சாமான் முடிந்துவிட்டது என்று சொன்னால் கடற்கரைப் பக்கத்துக் கடை வரைக்கும் நடந்தார். மோட்டார் சைக்கிளை எடுத்தால் சத்தத்தில் அவசரம் தெரியும், அவள் மனது நோகும் என்று அதையும் எடுக்கவில்லை. படுக்கப் போகுமுன் அவளுக்குத் தெரியாமல் கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். புத்தளத்திலிருந்து மகள் றிஸ்மினா போன் எடுத்தால், “உம்மா நல்லா இரிக்கா” என்று முந்திக்கொண்டு சொன்னார்.

அடுத்த கிளினிக் நாளில் தாதி ஸஃப்னா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

“அங்கிள், சீனி நல்லா இறங்கியிரிக்கே. என்ன செஞ்சீங்க?”

அது அவர் காதில் ஏறவில்லை. ஸுலைஹா வெளியே மருந்து எடுக்கும் வரிசையில் நின்றாள். ஜெமீல் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மகள், எனக்கில்ல. வீட்டுல அவக்கு மறதி வந்திட்டு. ஒரு நாளைக்கு மூணு நாலு தரம் கடைக்கு அனுப்புறா. அவட உம்மாக்கும் இந்த வருத்தம் இரிந்திச்சி.”

ஸஃப்னா சிரிப்பை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டாள். பிறகு எழுந்து போய் ஸுலைஹாவை அழைத்து வந்தாள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், பேரப்பிள்ளைகளின் பெயர் என்ன என்று கதையோடு கதையாகக் கேட்டாள். மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஸுலைஹா எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னாள்.

“அப்ப கடச் சாமான் மட்டும் ஏன் ஆன்டி மறக்குது?”

ஸுலைஹா கணவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“மறக்கல்ல மகள். இவர் சும்மா நடக்கச் சொன்னா நடக்கமாட்டார். வேலயொண்டு இரிந்தாத்தான் நடப்பார். நஜாத்துக்கிட்டயும் சொல்லி வச்சிரிக்கன், சாமான் இரிந்தாலும் சில நாளைக்கு இல்லெண்டு சொல்லச் சொல்லி.”

ஸஃப்னா சிரிப்பை மறைக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜெமீலுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்குள் இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் திடீரென்று இறங்கியதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கச் சட்டைப் பையில் லேஞ்சியைத் தேடினார்.

ஸுலைஹாவின் சிரிப்பு நின்றது.

“நீங்க மெய்யாவே அப்பிடி நினச்சீங்களா?”

“உன்ட உம்மாட நினவு வந்திச்சி,” என்றார் அவர்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அவர்கள் இறங்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே ஜெமீல் எழுந்து மணியை அடித்தார். ஸுலைஹாவும் மருந்துப் பையோடு பின்னால் இறங்கினாள். இரு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள். குழாய்கள் சுழன்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. கடல் காற்றில் அந்தத் தூவானம் ரோடு வரைக்கும் வந்தது. இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

“ஒண்டு மட்டும் மெய்யாவே மறந்தன்,” என்றாள் ஸுலைஹா. “போன கிழம, புளி போடாமலே மீன் ஆணத்த எறக்கி வச்சிட்டன். நீங்க சொல்லாமத் திண்டீங்க.”

“உப்புக் காணாதெண்டு நினச்சன்.”

“உம்மாக்கும் அப்பிடித்தான் தொடங்கின.”

ஜெமீல் நடையை மெதுவாக்கினார்.

“அண்டைக்கு அடுப்ப அணச்சியா?”

“ஓம், அணச்சன்.”

“அப்ப சரி. அடுத்த கிளினிக்குக்கு அந்தப் புள்ளக்கிட்ட இதயும் சொல்லுவம். சும்மா மனசுல வச்சிக்கிட்டு இரிக்க ஏலாது.”

“சொல்லுவம்,” என்றாள் அவள். மருந்துப் பையை அவர் வாங்கிக்கொண்டார்.

வளைவு தாண்டியதும் கழுதைகள் சில ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. தாயை ஒட்டி ஒரு குட்டி. பின்னால் மனிதர் வருவது அவற்றுக்குத் தெரிந்தது. ஆனாலும் வழி விடவில்லை. விலக்கிக்கொண்டு போக இவர்களும் அவசரப்படவில்லை. குட்டி ஒரு தரம் நின்று, காதை நிமிர்த்தி இருவரையும் பார்த்துவிட்டு, மறுபடி தாயோடு சேர்ந்துகொண்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கழுதைகளின் நடைக்கே அவர்களும் நடந்தார்கள்.