பொலித்தீன் கழற்றாத கண்ணாடிகள்

சுத்தமும் பாதுகாப்புமான வேலைத்தளத்துக்கு விருது கொடுக்க நடுவர் வருகிறார் என்றதும், மிளகாய்த்தூள் ஆலை முதலாளி கிளரன்ஸ் பாதுகாப்புக் கண்ணாடிகள் வாங்கி, பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் அலுமாரியில் அடுக்கிவைத்தார். அங்கே மிளகாய் அரைக்கும் ஜெனிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கத் தூளுக்குள் நின்று கண் சிவப்பவள் அவளல்லவா!

"ஒண்டு தாங்கோ ஐயா."

"நீங்கள் பழுதாக்கிப் போடுவியள். உது வாற ஆக்களுக்குக் காட்டிறதுக்கு."

நடுவர் வந்தார். அரைக்கும் இயந்திரத்தை நெருங்கியதும் தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கினார். கிளரன்ஸ் பதறியடித்து ஓடிப்போய், உறையைக் கிழித்து ஒரு கண்ணாடியை நீட்டினார்.

"கெதியாப் போடுங்கோ சேர், கண்ணெல்லோ!"

ஜெனிற்றா பட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள். அலுமாரியைத் திறந்து, மிச்சக் கண்ணாடிகளையெல்லாம் உறை கிழித்து, தன்னோடு வேலைசெய்யும் பெண்களுக்குக் கொடுத்தபடியே கேட்டாள்:

"அப்ப எங்கடை முகத்திலை இருக்கிறது என்ன, புண்ணோ?"