குவாரியில் விற்பனைக்கு நின்ற படகு

கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரியில் கேபின் வைத்த மோட்டார் படகு ஒன்று நிற்கிறது என்று சொன்னால் சூளகிரிப் பக்கத்து ஆட்களே நம்ப மாட்டார்கள். தங்கதுரையின் அண்ணன் பெருமாள் கிரானைட் தொழிலில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது அது. தங்கதுரை பிறப்பதற்கு முன்பே கட்டிய தேக்குப் படகு. முன்பக்கம் கூராக நீண்டு, நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, அறைக்குள் நாலு பேர் படுக்கப் பலகை, தொட்ட இடமெல்லாம் பித்தளைக் கைப்பிடி. பெருமாள் கொஞ்ச காலம் நண்பர்களோடு குவாரித் தண்ணீரில் அதில் சுற்றினார். குத்தகை முடிந்ததும் பெங்களூருக்குப் போய்விட்டார். போகும்போது, "நீயே வெச்சுக்கோடா" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்தார்.

தங்கதுரை ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மனைவி அனிதா வேறொரு கம்பெனியில் உதிரி பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தாள். மத்திகிரியில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போய்விடுவான். இன்ஜினைக் கழற்றுவான், மாட்டுவான், பித்தளையைத் துடைப்பான். ஆனால் மரம் அடியில் ஊறிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் படகுத் தச்சன் வேண்டும், அப்படி ஒருவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

குவாரியைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தண்ணீரை இறைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் படகு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் ஜேசிபியை விட்டு உடைத்து ஓரமாகத் தள்ளிவிடுவார்களாம். அன்றிலிருந்து தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்களெல்லாம் விறகு விலைக்குத்தான் கேட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும், பேரிகையில் ரோஜாப் பண்ணையும் ஏரிக்கரையில் தங்கும் விடுதியும் வைத்திருக்கும் ஹரீஷ்குமார், "உடைக்க மாட்டனுங்க, விடுதிக்கு வர்றவங்களை ஏரியில கூட்டிட்டுப் போக வேணும்" என்றார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் குவாரிக்குப் போனார்கள். லாரி இறங்கிய பழைய சரிவுப் பாதையில் படகைச் சங்கிலி போட்டு மேலே இழுத்து வைத்திருந்தான். பின்பக்கம், விசிறி சுழலும் தண்டுக்குப் பக்கத்தில், பலகை கறுத்திருந்தது. அனிதா விரலை வைத்தாள். விரல் உள்ளே போய்விட்டது.

"இன்னாங்க இது? ஊறுன ரொட்டியாட்டம் இருக்குது."

"பேசாத. பசையைக் கலக்கு."

அவன் உளுத்ததைச் சுரண்டி எடுத்தான். உள்ளங்கையளவு ஓட்டை. வெளியிலும் உள்ளேயும் ஃபைபர் துணியை ஒட்டி, பசை பூசி, காய்ந்ததும் நீலப் பெயின்ட் அடித்தான். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"ஓட்டிக் காட்டச் சொன்னா?" என்று கேட்டாள்.

"ஒரு சுத்து தாங்கும்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் அவுங்க கரையேத்தி எப்படியும் ரிப்பேர் பார்க்கத்தான் போறாங்க. நான் சொன்னா வாங்காம போயிடுவாங்க. நாளன்னிக்கு ஜேசிபி வந்து நிக்கும். நீ வாயைத் தெறக்காத, அனிதா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறன்."

அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

ஹரீஷ்குமார் தனியாக வரவில்லை. காரிலிருந்து அவருடைய அம்மா கெம்பம்மாவும் இறங்கினார். அறுபதைத் தாண்டிய கனத்த உடம்பு, காது நிறையக் கம்மல், தலையில் தங்கள் பண்ணை ரோஜா. சரிவில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், படகைக் கண்டதும் கையை உதறிவிட்டு முன்னால் போய் அதன் மூக்கைத் தடவினார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், தமிழிலும் அதைக் கலந்தே பேசினார்.

"எஷ்டு சென்னாகிதே! எவ்ளோ அழகு, மணமேடையாட்டம் இருக்குது. நான் இதுவரைக்கும் போட்ல போனதே இல்ல. ஒரு சுத்து போலாமா?"

"அதுக்குத்தானம்மா வந்தது" என்றார் ஹரீஷ்குமார்.

அனிதா தங்கதுரையைப் பார்த்தாள். அவன் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

படகு தண்ணீரில் இறங்கியது. மூன்று பக்கமும் ரம்பம் போட்டு அறுத்த மாதிரி செங்குத்தான பாறை. கரையேற இந்தச் சரிவைத் தவிர வேறு வழி கிடையாது. ஆழம் எவ்வளவு என்று பெருமாளுக்கே தெரியாது. கெம்பம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அறைக்கு வெளியே பின்பக்க இருக்கையில் அமர்ந்தார். ஹரீஷ்குமார் ஏறினார். தங்கதுரை சுக்கானைப் பிடித்தான்.

அனிதாவுக்கு நீச்சல் தெரியாது. தங்கதுரைக்கு அது தெரியும். நான் ஏறினால் இந்த மனுஷன் நிறுத்திவிடுவார், ஏதாவது சாக்குச் சொல்லியாவது எல்லாரையும் இறக்கிவிடுவார் என்று நினைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் கால் வைத்தாள்.

"நீ எதுக்கு?" அவன் குரல் சட்டென்று உயர்ந்தது.

"நானும் வர்றன்."

"நீ எறங்கு. கரையில ஆள் வேணும்."

"யாரும் வேணாம். போலாம்."

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். "வரட்டும் விடப்பா, எனக்குத் துணையாச்சு" என்று கெம்பம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். தங்கதுரை திரும்பிக்கொண்டு சாவியைத் திருகினான். இன்ஜின் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது.

அறைக்குள் மிதவைச் சட்டைகள் இரண்டுதான் இருந்தன. அனிதா ஒன்றைக் கெம்பம்மாவுக்கு மாட்டி வாரை இறுக்கினாள். இன்னொன்றை ஹரீஷ்குமாரிடம் நீட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "போட்டுக்கங்க" என்றாள். குரலில் என்ன இருந்ததோ, அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போட்டுக்கொண்டார்.

படகு மெதுவாகப் போயிற்று. எதிர்ப் பாறையில் தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. "அதோ, அங்க பக்கத்துல போ தம்பி" என்றார் கெம்பம்மா. அந்தப் பேச்சு அனிதாவின் காதில் ஏறவில்லை. அவள் கவனமெல்லாம் காலுக்குக் கீழே அதிரும் பலகையில் இருந்தது.

பாதி தூரம் போவதற்குள் தங்கதுரை சுக்கானைத் திருப்பினான்.

"ஏன் திருப்பறீங்க?" என்றார் ஹரீஷ்குமார்.

"போதுங்க. இன்ஜின் சூடாவுது."

"இப்பத்தானே எடுத்தீங்க? அதுக்குள்ள சூடாச்சுன்னா நான் எப்படி வாங்கறது? தள்ளுங்க, நான் பார்க்கறன்."

அவர் எழுந்து போய்ச் சுக்கானைப் பிடித்தார். மறுகையால் வேகம் கூட்டும் நெம்புகோலை முன்னால் தள்ளினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கெம்பம்மா சந்தோஷத்தில் கூவினார்.

"வேணாங்க! கொறைங்க!" தங்கதுரை அவர் கையைப் பிடித்தான். "அடியில ஓட்டை இருக்குதுங்க. பசை போட்டு ஒட்டியிருக்கறன். தாங்காது."

ஹரீஷ்குமார் அவனையே பார்த்தார். சொன்னது காதில் விழுந்தும் புரியாதவர் போல நின்றார். அதற்குள் பின்பக்கம் பலகைக்கு அடியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

"நீரு" என்றார் கெம்பம்மா. காலைத் தூக்கிக்கொண்டார். "டேய் ஹரீஷா, காலுக்கடியில நீரு!"

அனிதா தரைப் பலகையைப் பெயர்த்தாள். கீழே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், நேற்று அவள் விரல் போன இடத்தில், தண்ணீர் குழாய் உடைந்த மாதிரி பீறிட்டது. அவள் யோசிக்கவில்லை. இருக்கை மெத்தையை உருவினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மெத்தையை ஓட்டையின் மேல் வைத்து முதுகால் அழுத்தி, கால்களை எதிர்ச் சட்டத்தில் ஊன்றினாள். முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இன்ஜின் பெல்ட் சுழன்றுகொண்டிருந்தது. தண்ணீர் நின்றுவிடவில்லை, மெத்தையின் ஓரமாகக் கசிந்து அவள் முழங்காலை மூடி ஏறியது.

"பின்னலைப் பிடிச்சுக்க! பெல்ட்டுல மாட்டிக்கும்!" என்று தங்கதுரை கத்தினான். அவள் பின்னலை வாயில் கடித்துக்கொண்டாள்.

தங்கதுரை சுக்கானை வாங்கிப் படகைச் சரிவை நோக்கி ஓட்ட, ஹரீஷ்குமார் வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். ஊற்றுவதைவிட வருவது அதிகமாக இருந்தது. கெம்பம்மா கூச்சல் போடவில்லை. இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட்டு, குழிக்குள் கையை விட்டு அனிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "விடமாட்டன் தாயி. நீ அழுத்திக்கோ, விடமாட்டன்" என்றார். அந்தப் பிடி தளரவில்லை.

சரிவுக்குக் கொஞ்ச தூரமே இருந்தபோது தண்ணீர் இன்ஜினுக்குள் புகுந்தது. இரண்டு முறை விக்கி நின்றுபோனது. குவாரி முழுக்க ஒரே நிசப்தம். தண்ணீர் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கதுரை கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தான். அவன் நீந்தி இழுக்க, படகு அசைவது தெரியாமல் அசைந்தது. அனிதாவுக்கு இப்போது தண்ணீர் கழுத்தருகே வந்துவிட்டது. மெத்தையை விட்டுவிட்டு மேலே ஏறிவிடலாம். ஏறினால் படகு அங்கேயே அமிழும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அடியில் கல் உரசியது. படகு மூக்கைச் சரிவில் ஏற்றி நின்றது, பின்பக்கம் மெல்லத் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. கெம்பம்மாவும் ஹரீஷ்குமாரும் சேர்ந்து அனிதாவைத் தூக்கி வெளியே எடுத்தார்கள்.

கரையில் ஹரீஷ்குமார் தங்கதுரையின் சட்டையைப் பிடித்தார். "எங்கம்மாவை ஏத்திட்டுப் போயிருக்கற. எங்கம்மாவை!" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தங்கதுரை கையைத் தூக்கவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். ஹரீஷ்குமார் அடிக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கெம்பம்மா ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே அனிதாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா தாயி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா ஏறின?"

"நான் ஏறினா இவரு எல்லாரையும் எறக்கிடுவாருன்னு நெனச்சன்."

கெம்பம்மா பிழிந்த முந்தானையை உதறிவிட்டு, "உனக்கும் வாயிருந்துச்சே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி மகனுக்குப் பின்னால் நடந்தார்.

பைக்கில் வீட்டுக்குப் போகும்போது தங்கதுரை மத்திகிரிக்கு முன்னால் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். "நீ ஏறினப்பவே நான் நிறுத்தியிருக்கணும்" என்றான். அனிதா பக்கத்தில் நின்றாள். நீங்க மட்டுமில்லை, நானும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் மட்டும் பேரிகைக்குப் பஸ் ஏறினாள். கெம்பம்மா ரோஜாப் பந்தலுக்குள் பூ பறித்துக்கொண்டிருந்தார். அனிதா மன்னிப்புக் கேட்டாள். தான் பசை கலக்கிக் கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னாள். கெம்பம்மா பறிப்பதை நிறுத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. கடைசியில், "ராத்திரியில இன்னும் தண்ணி கனவுல வருது எனக்கு" என்றார். "எனக்கும்தாம்மா" என்றாள் அனிதா. கெம்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறுது, பஸ்ஸைப் பிடி" என்றார். அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

குத்தகைக்காரர்களிடம் தங்கதுரை போய் நடந்ததைச் சொன்னான். அவர்கள் கொஞ்ச நாள் பொறுத்து, தங்கள் கிரேனையே அனுப்பிப் படகை மேலே தூக்கி வைத்தார்கள். வெளியே வந்தபோது அதன் அடிப்பாகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஓட்டை ஒன்றில்லை, ஐந்தாறு இடம் உளுத்திருந்தது.

கடலூரில் மரப்படகு செப்பனிடும் ராஜேஷ்குமார் என்பவர் விளம்பரத்தைக் கண்டு மழைக்கு முன்னால் ஒருநாள் பார்க்க வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை கேட்பதற்குள் தங்கதுரை கீழே படுத்துக்கொண்டான். "இங்க பாருங்க, இது போயிடுச்சு. இந்தச் சட்டமும் நம்ப முடியாது. இன்ஜின்ல தண்ணி பூந்துடுச்சு. ஒரு தடவை முழுகியும் இருக்குது" என்று ஒவ்வொரு இடமாகத் தட்டித் தட்டிக் காட்டினான். நல்ல பலகையைத் தட்டியும் சந்தேகம் கிளப்பினான். வந்தவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

அனிதா குனிந்தாள். "ஏங்க, வெளியில வாங்க. அந்தப் பலகை நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு ராஜேஷ்குமாரிடம் திரும்பினாள். "முன்பக்கம் முழுக்கத் தேக்கு கெட்டியா இருக்குதுங்க. பின்பக்கம் மாத்தாம தண்ணியில எறக்கக் கூடாது. நான் உள்ள உக்காந்து பார்த்திருக்கறன்."

அவர் அவளை வியப்போடு பார்த்தார். பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு, முன்பக்கத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.

மறுவாரம் அவர் அனுப்பிய நீளமான டிரெய்லர் ஒன்று குவாரிச் சரிவில் பின்வாங்கி இறங்கியது. படகைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பைக்கில் மெயின் ரோடு வரை பின்னாலேயே வந்து, கிருஷ்ணகிரிப் பக்கம் அது திரும்பும்வரை தங்கதுரை நின்று பார்த்தான். அனிதா அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். டிரெய்லர் மறைந்ததும், "பசிக்குது" என்றான் அவன். பல நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டாள். இருவரும் ரோட்டைக் கடந்து எதிரிலிருந்த மெஸ்ஸுக்குள் போனார்கள்.