பதினோராம் பக்கத்துச் சாய்தளம்

என் தங்கை குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். தூரிகையைத் தொட்டால் சோறு தண்ணி மறந்துவிடும் அவளுக்கு. போன மழைக்காலத்தில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி ஒருத்தி, அண்ணன் படிக்கும் பள்ளிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்கிற கதை. மாதிரிக்கு ஆள் தேடவே வேண்டியதில்லை, என் மகள் இருக்கிறாளே.

வீட்டில் அவளை டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயது. கூடத்தில் அவள் வண்டியைத் திருப்புகிற வேகத்துக்கு அண்ணன்காரன் காலைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் ஏறிவிடுவான். பள்ளிக்கு மட்டும் அவள் போனதே இல்லை. "பையன் படிக்கட்டும். இவளை யாரு தினம் தூக்கிட்டு அலையறது? படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்பார் என் வீட்டுக்காரர். அவள் பெண் என்பதும் அவளுக்குக் கால் வராது என்பதும் அவருக்கு ஒரே நோய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் ஒரு வாரத்துக்கு வீடு வீடாக இருக்காது.

"புத்தகம் வரட்டும்க்கா. முதல்ல மாமா கையிலதான் குடுப்பேன். அதைப் பார்த்துட்டும் இவளை அனுப்பலைன்னா, அப்புறம் இருக்கு," என்றாள் தங்கை. டிரைவர் அன்றிலிருந்து சித்தியே கதி என்று கிடந்தாள். கையைத் தூக்கு என்றால் தூக்கினாள், திரும்பு என்றால் திரும்பினாள்.

தெருவை அப்படியே வரைந்திருந்தாள். தையற்கடை, சாய்ந்து நிற்கும் விளக்குக் கம்பம், பள்ளியின் துருப்பிடித்த பச்சை கேட். அந்தப் பள்ளி ரோட்டைவிடத் தாழ்வு. கேட்டைத் தாண்டியதுமே கீழே இறங்கும் படிகள். அதையும் வரைந்துதான் எடுத்துக்கொண்டு போனாள்.

பதிப்பகத்து ஆசிரியை அம்மாவுக்கு மற்றதெல்லாம் பிடித்துப்போயிற்று. அண்ணன் தள்ளாமல் பெண்ணே ஓட்டுகிறாள் என்று பூரித்துப்போனாராம். படியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் கதைக்கென்றே அங்கே சுவரில் ஓர் அட்டை தொங்குகிறதாம்: இரக்கம் கூடாது, அழுகை கூடாது, தடை கூடாது.

"படியை எடுத்துட்டு ஸ்லோப் போடுங்க. குழந்தைங்க நல்லதைப் பார்க்கட்டும்."

"அங்க படிதாங்க இருக்கு."

"இருக்கறதைக் காட்ட ஒரு கேமரா போதுமே. நீங்க எதுக்கு?"

தங்கை போனில் என்னிடம் பொரிந்து தள்ளினாள். பிறகு உட்கார்ந்து பதினோராம் பக்கத்தில் சாய்தளம் வரைந்தாள். வரைய உட்கார்ந்தால் அவளுக்கு அரைகுறையாக வராது. சிமெண்டு, பக்கத்தில் இரும்புக் கம்பி, ஓரத்தில் முளைத்த புல். போன வருஷம்தான் கட்டினார்கள் என்று சத்தியமே செய்யலாம். அந்தச் சரிவில் பின்னல் பறக்க, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு இறங்குகிறாள் டிரைவர். அண்ணன் மூச்சு வாங்கப் பின்னால் ஓடி வருகிறான்.

புத்தகம் வந்தது. என் வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு," என்று மேசையில் வைத்துவிட்டு டிவியைப் போட்டார். அவ்வளவுதான்.

டிரைவர் அதை எடுத்து மடியில் விரித்துக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தெருவில் அவள் பார்த்ததெல்லாம் புத்தகத்தில் அச்சு அசலாக இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை துணி காயப்போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறேன், வாசல் கதவு திறந்து கிடக்கிறது. வண்டியைக் காணோம். தானே ஒரு தடவை போய்க் காட்டிவிட்டால் அப்பா வழிக்கு வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள் என் மகள்.

"புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு என்னமாப் போச்சு பாப்பா! வண்டியாலேயே கேட்டை இடிச்சுத் திறந்துச்சும்மா," என்றார் தையற்கடைக்காரர். உள்ளே நுழைந்ததும் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறாள். படத்தில் அப்படித்தானே இருந்தது.

முன்பற்கள் இரண்டு போய்விட்டன. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எலும்பு கூடினாலும் வண்டி ஓட்டுகிற பலம் அந்தக் கைக்கு இனி வராது என்றார் டாக்டர். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் இவர். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், வாயை மூடுங்கள் என்று கத்தினேன். கல்யாணமான நாளாக இல்லாத அதிசயம், மூடினார். மூடி என்ன? என் பிள்ளைக்குக் கை வந்துவிடுமா?

தங்கை கட்டிலோரம் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். டிரைவர் அவளைத் திட்டவில்லை. தலையணைக்கு அடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னாள். பேனா கேட்டாள். பழக்கமில்லாத இடது கையால் அந்தச் சரிவின் குறுக்கே கோடு போட்டாள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, கோணல்மாணலாக, படிகள்.

"இந்தப் புக்கு எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருக்கும் சித்தி?"

"நிறைய வீட்டுக்குடா."

டிரைவர் பேனாவை அவளிடம் நீட்டினாள்.

"அப்ப எல்லாத்துலயும் படி போட்டுட்டு வாங்க. வேற யாராச்சும் கிளம்பிடப் போறாங்க."